அமைதிப்படையிலிருந்து திரும்பிய அப்பா

கேள்வி: டாக்டர், எனக்கு 37 வயது. வேலூர் மாவட்டத்தில் ஒரு கிராமம். எங்கள் ஊரில் வீட்டுக்கு ஒருவர் பட்டாளத்தில் இருப்பார்கள். அப்பாவும் மெட்ராஸ் ரெஜிமென்ட்டில் சேர்ந்து ஹவில்தாராக ஓய்வு பெற்றவர்தான். 1987-ல் இலங்கைக்குப் போன அமைதிப்படையில் இருந்தார். நான் பிறந்த செய்தியே அவருக்கு அங்கேதான் போய்ச் சேர்ந்தது என்று அம்மா சொல்வார். காஷ்மீர் குளிரைப் பற்றி மணிக்கணக்கில் பேசுகிற அப்பா, இலங்கை என்றால் எழுந்து போய்விடுவார். 2009-ல் டிவியில் முள்ளிவாய்க்கால் படங்களைப் பார்த்து நான் அழுதுகொண்டிருந்தபோது, ஒன்றும் சொல்லாமல் டிவியை அணைத்துவிட்டு வெளியே போனார். அன்றிலிருந்து எனக்கும் அவர்மேல் ஒரு கோபம் உண்டு.

ராணுவத்துக்குப் பிறகு பேங்க் செக்யூரிட்டியாக இருந்தார். இரண்டு வருடமாக அந்த வேலையும் இல்லை. சரியான தூக்கம் இல்லை, கேன்டீன் ரம் கூடிவிட்டது. வண்டியில் போகும்போது சிறுபாலம் வந்தால் நிறுத்தி, இறங்கிப் பார்த்துவிட்டுத்தான் தாண்டுகிறார். போன மாதம் பிளஸ் ஒன் படிக்கும் என் மகன், யூடியூபில் எதையோ பார்த்துவிட்டு, எல்லோரும் சாப்பிடும்போது, "தாத்தா, நீங்க அங்க தமிழங்களைச் சுட்டீங்களா?" என்று கேட்டுவிட்டான். தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்தவர், இன்றுவரை அவனிடம் பேசவில்லை. மொட்டைமாடியில்தான் படுக்கிறார். "நான் இருந்து என்ன ஆகப்போகுது" என்று அம்மாவிடம் சொன்னாராம். மகனை மன்னிப்புக் கேட்கச் சொல்லவா? அப்பாவிடம் நான் என்ன பேசுவது? கொழும்பில் அமைதிப்படைக்கு நினைவிடம் இருக்கிறதாமே, அங்கே அழைத்துப் போனால் சரியாகிவிடுமா?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தில் கடைசிப் பக்கமாக வந்த ஒரு வரியை நான் முதலில் எடுத்துக்கொள்கிறேன். "நான் இருந்து என்ன ஆகப்போகுது." வயதானவர்கள் சலித்துக்கொண்டு சொல்வதுதானே என்று இதை விட்டுவிடாதீர்கள். தூக்கம் கெட்டு, குடி கூடி, வீட்டாரிடமிருந்து ஒதுங்கிப் போய்ப் படுக்கிற ஒருவர் சொல்லும்போது இதற்கு எடை அதிகம். அவரிடம் நேராகவே கேளுங்கள்: "அப்பா, உயிரை விட்டுடலாம்னு தோணுதா?" கேட்டால் இல்லாத எண்ணத்தை நாமே கிளப்பிவிட்டது போலாகுமோ என்று பயப்பட வேண்டாம். ஆகாது. கேட்டதும் பெரும்பாலானவர்களுக்குப் பாரம் கொஞ்சம் இறங்குகிறது என்பதுதான் எங்கள் அனுபவம்.

"ஆமா" என்றோ, பதில் சொல்லாமல் முகத்தைத் திருப்பியோ இருந்தால், அன்றைக்கே மருத்துவமனைக்குக் கூட்டிப் போங்கள். அதுவரை தனியாக விடாதீர்கள். ராத்திரி வேளையில் என்ன செய்வதென்று தெரியாவிட்டால் 14416 என்ற டெலி மானஸ் எண்ணை, அதாவது அரசின் மனநல உதவி எண்ணைக் கூப்பிடுங்கள். 24 மணி நேரமும் இருக்கிறார்கள், தமிழில் பேசலாம்.

இன்னொன்று. பேங்கில் காவலுக்கு நின்ற முன்னாள் ராணுவத்தினர் பலரிடம் சொந்த லைசென்ஸ் துப்பாக்கி இருக்கும். உங்கள் அப்பாவிடம் இருக்கிறதா? இருந்தால், தேர்தல் சமயத்தில் ஒப்படைப்பதைப் போல இப்போதும் போலீஸ் ஸ்டேஷனிலோ லைசென்ஸ் பெற்ற ஆயுதக் கடையிலோ வைத்துவிடுங்கள். அவருக்குத் தெரியாமல் எடுத்துக்கொண்டு ஓட வேண்டாம். "நீங்க நல்லா தூங்க ஆரம்பிக்கற வரைக்கும்பா" என்று சொல்லிச் செய்யுங்கள். நிலத்துக்கு வாங்கிய பூச்சிமருந்து வீட்டில் இருந்தால் அதுவும் வெளியே போகட்டும்.

இனி நீங்கள் கேட்டவற்றுக்கு வருகிறேன்.

உங்கள் அப்பா எந்தப் போரிலிருந்து திரும்பினார் என்பதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. உங்கள் மகன் யூடியூபில் பார்த்தது அதில் ஒரு துண்டாகத்தான் இருக்கும். 1987 ஜூன் 4-ம் தேதி இந்திய விமானங்கள் யாழ்ப்பாணத்தில் உணவுப் பொட்டலங்களைப் போட்டன. ஜூலை 29-ல் ராஜீவ் காந்தியும் இலங்கை அதிபர் ஜெயவர்த்தனாவும் கொழும்பில் ஒப்பந்தம் போட்டார்கள். அடுத்த நாளே நம் படை அங்கே இறங்க ஆரம்பித்தது. தமிழர்களைக் காப்பாற்றப் போகிறோம் என்று சொல்லித்தான் அனுப்பினார்கள், சிப்பாய்களும் அப்படித்தான் நம்பினார்கள். அங்கிருந்த மக்களும் மாலை போட்டு வரவேற்றார்கள். உங்கள் அப்பாவுக்கு அப்போது இருபத்து மூன்று, இருபத்து நான்கு வயது இருக்கும். நம் ஊர்ப் பையனுக்கு அந்த ஊர் எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். அதே பனைமரம், அதே முருகன் கோயில், வாசலில் அதே கோலம். கொஞ்சம் இழுத்துப் பேசுகிற தமிழ்.

செப்டம்பர் 26-ல் நல்லூரில் உண்ணாவிரதம் இருந்த விடுதலைப் புலிகளின் திலீபன் இறந்தார். அக்டோபர் தொடக்கத்தில், பிடிபட்ட புலிகளின் தளபதிகளும் போராளிகளுமாகப் பன்னிரண்டு பேர் சயனைடு கடித்துச் செத்தார்கள். அக்டோபர் 10-ல் சண்டை தொடங்கிவிட்டது. போய் இறங்கி மூன்று மாதம்கூட முழுதாக ஆகவில்லை. மாலை போட்டவர்களின் தெருவுக்குள் துப்பாக்கியோடு நுழைய வேண்டியதாயிற்று. எதிரே இருந்தவர்களில் பலர் தமிழ்நாட்டிலும் வடஇந்தியாவிலும் இந்தியாவே பயிற்சி கொடுத்தவர்கள். அவர்கள் கையில் ஏ.கே. 47, நம் சிப்பாய் கையில் கனமான பழைய எஸ்.எல்.ஆர். துப்பாக்கி. 11-ம் தேதி இரவு யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத் திடலில் ஹெலிகாப்டரில் இறக்கிவிடப்பட்ட சீக்கியப் படைப்பிரிவின் முப்பது பேரில் ஒருவர்தான் உயிரோடு மிஞ்சினார், அவரும் பிடிபட்டுத்தான். பத்து நாள் கழித்து யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரிக்குள் படை நுழைந்தபோது டாக்டர்கள், நர்சுகள், நோயாளிகள் என்று பலர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். 1989 ஆகஸ்டில் வல்வெட்டித்துறையில் நடந்ததும் அப்படித்தான். உங்கள் மகன் கேட்ட கேள்வி வானத்திலிருந்து விழவில்லை என்பதற்காகவே இதைச் சொல்கிறேன். அங்கே செத்த தமிழர்களின் வீடுகளிலும் உங்கள் வீட்டைப் போலவே இன்னும் மகள்கள் இருக்கிறார்கள்.

உங்கள் அப்பா இதிலெல்லாம் இருந்தாரா? எனக்குத் தெரியாது, உங்களுக்கும் தெரியாது. தெரியாததைத் தெரிந்ததாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆனால் தமிழ் பேசுகிற சிப்பாய்க்கு அந்தப் போரில் மற்றவர்களுக்கு இல்லாத ஒரு சுமை இருந்தது என்பது நிச்சயம். மெட்ராஸ் ரெஜிமென்ட்டின் போர் முழக்கமே "வீர மதராஸி, அடி கொல்லு, அடி கொல்லு" என்பதுதான். உலகத்தில் எங்கே போய் அதைக் கத்தினாலும் எதிரிக்கு விளங்காது, அங்கே விளங்கியது. என்னிடம் சிகிச்சைக்கு வந்த ஒருவர் தமிழர்தான். வேறொரு ரெஜிமென்ட்டோடு மொழிபெயர்க்க அனுப்பப்பட்டவர். சுற்றிவளைப்பு முடிந்து ஒரு வீட்டுப் பையனை வண்டியில் ஏற்றியபோது, "ஐயா, அவன் படிக்கிற பொடியன் ஐயா" என்று ஒரு தாய் அவர் கையைப் பிடித்துக்கொண்டாராம். அங்கே நின்ற அத்தனை பேரிலும் அந்த அம்மா சொன்னது அவர் ஒருவருக்குத்தான் புரிந்தது. ஆபீசரிடம் இந்தியில் எடுத்துச் சொன்னார். "செக் பண்ணிட்டு விட்டுடுவோம்னு சொல்லு" என்றார் ஆபீசர். அதை அந்த அம்மாவிடம் சொன்னார். அந்தப் பையனை விட்டார்களா என்பது அவருக்கு இன்றுவரை தெரியாது. அவர் யாரையும் சுடவில்லை, அடிக்கவில்லை. ஒரு வாக்கியத்தை மொழிபெயர்த்தார், அவ்வளவுதான். ஆனால் அவருடைய தூக்கத்தைக் கெடுத்தது கண்ணிவெடி இல்லை, அந்த வாக்கியம்தான்.

போரில் பட்ட அதிர்ச்சியும் இதுவும் வேறு வேறு. சிறுபாலத்தின் முன் உங்கள் அப்பா வண்டியை நிறுத்துவது அதிர்ச்சியின் வேலை. யாழ்ப்பாணத்திலும் வன்னியிலும் ரோட்டைத் தோண்டியும் சிறுபாலங்களுக்கு அடியிலும்தான் கண்ணிவெடி வைத்தார்கள். இறங்கிப் பார்த்தவன் பிழைத்தான். அன்றைக்கு உயிரைக் காப்பாற்றிய பழக்கம் இன்றைக்கு ஆற்காடு ரோட்டிலும் விடவில்லை, அவ்வளவுதான். இதற்குப் பயம், பரபரப்பு, கெட்ட கனவு, சத்தத்துக்குத் திடுக்கிடுவது என்று தெளிவான அடையாளங்கள் உண்டு. பி.டி.எஸ்.டி. என்று சொல்கிறோம். அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் தன் நோய்ப் பட்டியலில் இதைச் சேர்த்தது 1980-ல்தான். அதற்குப் பெரிய காரணம் வியட்நாமிலிருந்து திரும்பிய சிப்பாய்கள். அந்தப் போர் முடிந்து பத்து வருடத்துக்கு மேல் ஆன பிறகும் அங்கே பணியாற்றிய ஆண்களில் சுமார் 15 சதவீதம் பேருக்கு இந்த நோய் இருந்ததாக அமெரிக்க அரசு எடுத்த பெரிய ஆய்வு கண்டது.

இரண்டாவது வகை, மனசாட்சிக்குப் பட்ட காயம். அதே வியட்நாம் சிப்பாய்களுக்கு பாஸ்டனில் சிகிச்சை கொடுத்த ஜோனதன் ஷே என்ற மனநல மருத்துவர் இதைத் தனியாகப் பிரித்துக் காட்டினார். நான் செய்தது தப்பு, நான் பார்த்துக்கொண்டு சும்மா நின்றது தப்பு, என்னை அனுப்பியவர்கள் எனக்குச் செய்தது தப்பு, இந்த மூன்றும் கலந்து கிடக்கும். இதில் பயத்தைவிட வெட்கம் அதிகம். பயந்தவன் துணை தேடுவான். வெட்கப்படுகிறவன் மொட்டைமாடிக்குப் போவான்.

கார்கிலில் சண்டை போட்டவர்களுக்கும் கெட்ட கனவு வருகிறது. ஆனால் அவர்கள் திரும்பியபோது ஊரே பேனர் கட்டியது, பள்ளிக்கூடத்தில் பேசக் கூப்பிட்டது. பேசிப் பேசியே பாதி ஆறியது. அமைதிப்படைக்கு என்ன நடந்தது? 1989-ல் இலங்கையின் புதிய அதிபர் பிரேமதாச "கிளம்புங்கள்" என்றார். அவருடைய அரசே புலிகளுக்கு ஆயுதம் கொடுத்தது பின்னால் தெரியவந்தது. 32 மாதம், சுமார் 1,200 உயிர்கள். 1990 மார்ச் 24-ல் கடைசிப் படை திரிகோணமலையில் கப்பல் ஏறியது. சென்னைத் துறைமுகத்தில் வரவேற்பு நிகழ்ச்சிக்கு வர முதலமைச்சர் கருணாநிதி மறுத்துவிட்டார், தமிழர்களைக் கொன்ற படை என்பது அவர் சொன்ன காரணம். அவர் தனி ஆளாக அதைச் சொல்லவில்லை, அன்றைய தமிழ்நாட்டின் மனநிலையே பெரும்பாலும் அதுதான். உங்கள் அப்பா காட்பாடியில் ரயிலை விட்டு இறங்கி ஊருக்கு வந்தபோது டீக்கடையில் என்ன பேச்சு நடந்திருக்கும் என்று நீங்களே ஊகிக்கலாம்.

அத்தோடு முடியவில்லை. அடுத்த வருடமே, 1991 மே 21-ல் ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தி கொல்லப்பட்டார். ஊர்ப் பேச்சு தலைகீழானது. நேற்றுவரை "ஏன்டா போனீங்க" என்றவர்கள் "அன்னைக்கே முடிச்சிருக்கணும்" என்றார்கள். 2009-ல் முள்ளிவாய்க்கால் வந்தது. மறுபடி தலைகீழ். இந்தியாவும் உடந்தை, அமைதிப்படையும் உடந்தை என்றார்கள். ஒரே மனிதர், செய்தது ஒன்றுதான். தீர்ப்பு மட்டும் மூன்று தடவை மாறியிருக்கிறது, ஒருமுறைகூட அவரைக் கூப்பிட்டு விசாரிக்கவில்லை. நீங்கள் அழுதபோது அவர் டிவியை அணைத்தது, உங்கள் அழுகையை அவமதிக்க என்று நீங்கள் இத்தனை நாள் நினைத்திருக்கலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அந்தத் திரையில் தெரிந்த இடங்களில் சில அவர் கால் நடந்த இடங்கள். உங்கள் அழுகையிலும் தனக்கு எதிரான ஒரு தீர்ப்பு இருப்பதாக அவருக்குக் கேட்டிருக்கும். உங்களுக்கும் கோபம் இருந்ததாக நீங்களே எழுதியிருக்கிறீர்களே, அவர் அதைக் கண்டுபிடித்திருக்க மாட்டாரா?

அந்தக் கோபத்தை நீங்கள் விட்டுவிட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. அந்தப் போர் சரியா, அனுப்பியது சரியா, அங்கே நடந்தவற்றுக்கு யார் பொறுப்பு என்பதில் உங்களுக்கு என்ன கருத்து இருக்கிறதோ அது இருக்கட்டும். அதை அப்பாவின் தலையில் முழுதாக இறக்கிவைக்காமல் இருந்தால் போதும்.

இப்போது உங்கள் மகன். அவனை மன்னிப்புக் கேட்கச் சொல்லாதீர்கள்.

நீங்கள் எதிர்பார்த்த பதில் இதுவாக இருக்காது. ஆனால் யோசித்துப் பாருங்கள், முப்பத்தைந்து வருடத்தில் உங்கள் அப்பாவைப் பார்த்து நேராக அந்தக் கேள்வியைக் கேட்ட முதல் ஆள் அவன். மற்றவர்கள் எல்லாரும் ஒன்று பதிலைத் தாங்களே முடிவு செய்துகொண்டார்கள், இல்லாவிட்டால் பேச்சை மாற்றினார்கள். கேட்ட இடம் தப்பு, கேட்ட விதம் தப்பு, கேள்வி தப்பில்லை. "ஸாரி தாத்தா, தெரியாம கேட்டுட்டேன்" என்று சொல்ல வைத்தீர்களானால், இந்த வீட்டில் இனி அதை யாரும் கேட்கக் கூடாது என்று சட்டம் போட்டது போல ஆகிவிடும். கதவு இன்னும் இறுக்கமாகச் சாத்திக்கொள்ளும்.

அவன் வேறு மாதிரி சொல்லலாம். "தாத்தா, எல்லாருக்கும் நடுவுல வெச்சு அப்படிக் கேட்டிருக்கக் கூடாது. ஆனா எனக்கு நெஜமாவே தெரிஞ்சுக்கணும். நீங்க எப்ப சொன்னாலும் சரி, சொல்லலன்னாலும் சரி." இதைச் சொல்லிவிட்டுப் பக்கத்திலேயே நின்று பதிலுக்குக் காத்திருக்க வேண்டாம், வேலையைப் பார்க்கப் போய்விடட்டும். மாடிக்குத் தண்ணிச் சொம்பு கொண்டுபோய் வைப்பது, காலையில் அவருக்குப் பேப்பர் எடுத்துக் கொடுப்பது எல்லாம் நடந்துகொண்டே இருக்கட்டும். ஒரே ஒரு கண்டிப்பு: தாத்தா என்றைக்காவது பேசினால் அதைப் போனில் பதிவு செய்யக் கூடாது, யாருக்கும் அனுப்பக் கூடாது. பதினாறு வயதுப் பையனுக்கு இதை முன்கூட்டியே தெளிவாகச் சொல்லிவிடுங்கள்.

நீங்கள் என்ன பேசுவது? பெரும்பாலான பிள்ளைகள் இந்த இடத்தில் அவசரப்பட்டு விடுதலை கொடுத்துவிடுகிறார்கள். "நீங்க உங்க கடமையைத்தான் செஞ்சீங்கப்பா", "ஆர்டர் போட்டாங்க, நீங்க என்ன பண்ணுவீங்க", "அதெல்லாம் முடிஞ்சு போன கதை". அன்பாகச் சொல்வதுதான். ஆனால் கேட்கிறவர் காதில் இது "மேலே சொல்லாதே, எனக்குத் தாங்காது" என்றுதான் விழும். அவர் இன்னும் எதையும் சொல்லவே இல்லை, அதற்குள் மன்னித்துவிட்டால், எதை மன்னித்தீர்கள்? அவர் மனதில் ஒரு முகம் இருக்கலாம், ஒரு வீட்டு வாசல் இருக்கலாம். அதற்கு மன்னிப்பு கொடுக்கிற உரிமை உங்களுக்கு இல்லை என்பது அவருக்கு நன்றாகவே தெரியும். "ஏம்பா அப்படிப் பண்ணீங்க" என்ற கேள்வியும் அதே கதவைத்தான் சாத்தும், வேறு பக்கத்திலிருந்து.

உங்களால் கொடுக்க முடிந்தது ஒன்றுதான். "நீங்க என்ன சொன்னாலும் நான் கேட்டுட்டு எழுந்து போயிட மாட்டேன்பா." இதைச் சொல்லிவிட்டு விட்டுவிடுங்கள். ஒரு வாரம் ஆகலாம், மூன்று மாதம் ஆகலாம், அவர் பேசாமலே இருக்கலாம். எதிரெதிரே உட்கார வைத்துப் பேசச் சொன்னால் நம் ஆண்கள் பேச மாட்டார்கள். வண்டியில் பின்னால் உட்கார்ந்து போகும்போதோ, மோட்டார் போட்டு வயலுக்குத் தண்ணி பாய்ச்சும்போதோ, முகம் பார்க்காத நேரத்தில்தான் பேச்சு வரும். சிறுபாலத்தில் வண்டியை நிறுத்தினால் "இங்க என்னப்பா குண்டா இருக்கப்போவுது" என்று சிரிக்காதீர்கள். அவர் பார்த்து முடிக்கும் வரை பின் சீட்டிலேயே இருங்கள். முடிந்தால், "அங்க இப்படித்தான் பாக்கணுமா?" என்று மட்டும் கேளுங்கள். ரோடு, மழை, சாப்பாடு, கூட இருந்த ஆட்கள், இப்படி ஓரத்திலிருந்துதான் இந்தக் கதைகள் ஆரம்பிக்கும். நான் பிறந்தது உங்களுக்கு எப்படித் தெரியவந்தது என்று கேட்டுப் பாருங்கள். அது இலங்கைக் கதைதான், ஆனால் உங்கள் கதையும்கூட.

ஒருவேளை அவர் சொல்வது நீங்கள் பயந்தபடியே இருந்தால்? யாரையோ சுட்டதாகவோ, சுட்டதைப் பார்த்துக்கொண்டு நின்றதாகவோ சொன்னால்? உடனே சமாதானம் சொல்லாதீர்கள். முகத்தை மறைத்துக்கொள்ளாதீர்கள். அழுகை வந்தால் அழலாம், அது தப்பில்லை. ஊர், பெயர், எத்தனை பேர் என்று விசாரணை செய்யாதீர்கள். "அப்ப உங்களுக்கு என்ன வயசு?", "யார்கிட்டயாவது இத சொல்லியிருக்கீங்களா?" இந்த இரண்டு போதும். அன்று ராத்திரி அவரைத் தனியாக விட வேண்டாம். பெரிதாக ஒன்றைச் சொல்லி முடித்த இரவு ஆறுதலான இரவாக இருக்கும் என்று நினைப்போம். பலருக்கு அப்படி இருப்பதில்லை, சொல்லியிருக்கக் கூடாதோ என்ற உதறல் வரும். காலையில் வழக்கம்போல காபி கொடுங்கள், வழக்கம்போலப் பேசுங்கள். சொன்ன பிறகும் நான் இந்த வீட்டு ஆள்தான் என்று அவருக்குத் தெரிய வேண்டும், அதை வாயால் சொல்ல வேண்டியதில்லை.

அம்மாவை மறந்துவிடாதீர்கள். அவருக்கு நீங்கள் நினைப்பதைவிட அதிகமாகத் தெரிந்திருக்கும். ராத்திரியில் அப்பா என்ன உளறுவார் என்பது அவருக்கு மட்டும்தான் தெரியும்.

சிகிச்சை விஷயம். இதற்குச் சிகிச்சை இருக்கிறது, அறுபதைத் தாண்டியவர்களுக்கும் பலன் கொடுக்கிறது. ஓய்வுக்குப் பிறகு இப்படிக் கிளம்புவது சகஜம். யூனிபார்ம் போட்டு, நேரத்துக்குப் போய் பேங்க் வாசலில் நின்ற வரைக்கும் அந்த வேலை அவரைத் தாங்கிப் பிடித்திருந்தது. அது போனதும் அடியில் இருந்தது மேலே வந்துவிட்டது. மனநல மருத்துவர் செர்ட்ரலின் போன்ற மாத்திரை கொடுக்கலாம். பேச்சு சிகிச்சைதான் முக்கியம். தவிர்த்து வந்த நினைவை ஒரு பயிற்சி பெற்றவர் துணையோடு கொஞ்சம் கொஞ்சமாக எதிர்கொள்கிற முறைகள் இருக்கின்றன, வாரம் ஒருமுறை என்று மூன்று நான்கு மாதம் போகும். மனசாட்சிக் காயத்துக்கு மாத்திரை கிடையாது, ஆனால் தூக்கம் சரியானால் அதைப் பேசுவதற்குத் தெம்பு வரும்.

குடியை ஒரே நாளில் நிறுத்தச் சொல்லாதீர்கள். தினமும் குடிக்கிறவர் திடீரென்று நிறுத்தினால் கை நடுக்கத்தில் ஆரம்பித்து வலிப்பு, மனக்குழப்பம் வரை போகலாம், உயிருக்கே ஆபத்து. டாக்டர் மேற்பார்வையில்தான் குறைக்க வேண்டும். மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கிய தூக்க மாத்திரையை ரம்மோடு சேர்த்துப் போடுகிறாரா என்றும் பாருங்கள், அது இன்னும் மோசம்.

பென்ஷன் வாங்குகிற முன்னாள் படைவீரர் என்பதால் இ.சி.எச்.எஸ். என்கிற முன்னாள் படைவீரர் மருத்துவத் திட்டத்தின் கார்டு பெரும்பாலும் இருக்கும். வேலூரிலேயே பாலிகிளினிக் இருக்கிறது. முதலில் அங்கே காட்டி, மனநலப் பிரிவுக்கு எங்கே அனுப்புவார்கள் என்று கேளுங்கள். பாகாயத்தில் சி.எம்.சி.யின் மனநல மையமும் உங்களுக்குப் பக்கம்தான். "பைத்தியக்கார ஆஸ்பத்திரிக்கா" என்று அப்பா மறுத்தால் தூக்கத்துக்குக் காட்டலாம் என்றே சொல்லுங்கள், பொய்யும் இல்லை. டாக்டரிடம் "அப்பா இலங்கையில் இருந்தவர்" என்று நீங்களே ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். பெரும்பாலும் யாரும் கேட்பதில்லை. சுகரும் பிரஷரும் பார்த்துவிட்டு அனுப்பிவிடுவார்கள். இந்த நோய் பணியில் வந்தது என்று ஊனமுற்றோர் பென்ஷன் கேட்க முடியுமா என்பதை மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் விசாரிக்கலாம், ஆனால் அதை இப்போதே ஆரம்பிக்காதீர்கள். பேப்பர், சாட்சி, மெடிக்கல் போர்டு என்று அலைய வைத்தால் இருக்கிற தூக்கமும் போய்விடும்.

அப்பாவின் பட்டாலியனில் கூட இருந்தவர்கள் யாராவது பக்கத்து ஊரில் இருக்கிறார்களா? உங்கள் பகுதியில் இருக்காமல் இருக்க மாட்டார்கள். என்னைக் கேட்டால் எந்த டாக்டருக்கும் முன்னால் அவர்களில் ஒருவரை வீட்டுக்கு வரச் சொல்வேன். அங்கே போகாதவரிடம் சொல்ல ஆரம்பத்திலிருந்து விளக்க வேண்டும், போனவரிடம் பாதி வாக்கியம் போதும். குடிப்பதற்கென்றே கூடுகிற கூட்டாளி வேண்டாம். அப்பா யார் பெயரைச் சொன்னால் லேசாகச் சிரிப்பார் என்று அம்மாவைக் கேளுங்கள், அந்த ஆளைத் தேடுங்கள். அமைதிப்படையில் பரம்வீர் சக்ரா பெற்ற ஒரே ஆள் மேஜர் ராமசாமி பரமேஸ்வரன், 1987 நவம்பர் 25-ல் உயிர்விட்டவர், தமிழர். அவர் பெயர்கூட நம் ஊரில் எத்தனை பேருக்குத் தெரியும்? இப்படிப்பட்ட ஆதங்கங்களை அவர்கள் தங்களுக்குள்ளாவது பேசிக்கொள்ளட்டும்.

கடைசியாக நினைவிடம். இருக்கிறது. கொழும்பை ஒட்டிய ஸ்ரீ ஜெயவர்த்தனபுர கோட்டேயில், இலங்கைப் பாராளுமன்றத்துக்கு அருகில், இலங்கை அரசு கட்டியது. கறுப்புக் கல்லில் செத்தவர்களின் பெயர்கள் இருக்கின்றன. தெரிந்த பெயர்களைத் தொட்டுப் பார்த்துவிட்டு வந்து நன்றாகத் தூங்கினவர்களும் உண்டு, திரும்பி வந்து ஒரு மாதம் எழுந்திருக்காதவர்களும் உண்டு. அதனால் இதை ஆச்சரியப் பரிசாக ஏற்பாடு செய்யாதீர்கள். டில்லியில் 2019-ல் திறந்த தேசியப் போர் நினைவுச் சின்னத்திலும் அவர்கள் பெயர்கள் இருக்கின்றன, அதுவும் ஒரு வழி. இப்போது ஊசலாடுகிற நிலையில் எங்கேயும் வேண்டாம். தூக்கம் திரும்பி, குடி குறைந்து, பேரனோடு பேச ஆரம்பித்த பிறகு, "இப்படி ஒரு இடம் இருக்குதாம்பா" என்று காதில் போட்டு வையுங்கள். போகலாம் என்று அவரே கேட்டால் போங்கள். யாழ்ப்பாணத்துக்கும் போக வேண்டும் என்பாரானால் டிக்கெட் போடுவதற்கு முன் அவருடைய டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.